நாவல் எழுதுவதும் பிறர் நாவலைத் திருத்துவதும்: கேள்வி பதில்

வணக்கம். நான் திருச்சியில் இருக்கிறேன். நாவல் எழுதி நானே வெளியிடுகிறேன். வீட்டு வாடகையும் மளிகையும் பிறருடைய பிரதிகளைத் திருத்திக் கொடுப்பதில் நடக்கின்றன. இந்த வாழ்க்கையைப் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்? சொந்த எழுத்தையும் எடிட்டிங்கையும் ஒரே நாளில் பார்க்க முடிகிறதா?

முடிகிறது, வரிசை மாறாமல் இருந்தால். காலையில் முதல் வேலை என் நாவல். அதற்கு முன்னால் மெயில் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப் திறப்பதில்லை, மற்றவர் பிரதியில் ஒரு பத்திகூடப் படிப்பதில்லை. காதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவு கறார். இன்னொருவருடைய வாக்கியங்களுக்குள் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், அப்புறம் நான் எழுதுவதும் அவர் நடையிலேயே வரும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மதியம் வரை திருத்தம். அதற்கு மேல் கவனம் தளரும். அந்த நேரத்தில் பில் அனுப்புவது, அட்டை வடிவமைப்பாளரிடம் பேசுவது, அச்சுக்குப் போகும் பிடிஎஃபில் பக்க எண் சரிபார்ப்பது போன்ற வேலைகள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கென்றே பிழை பார்க்க அச்செடுத்த மெய்ப்பு ஒரு கட்டு எடுத்து வைத்திருப்பேன். திரையில் தப்பிய பிழை தாளில் கண்ணில் படும்.

ஆண்டு முழுக்க வேலை சீராக இருக்காது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடப்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எல்லாரும் ஒரே நேரத்தில் பிரதியை அனுப்புவார்கள். அந்த மாதங்களில் என் நாவலில் பெரிய அத்தியாயம் எதையும் தொடங்க மாட்டேன். பிப்ரவரிக்கு மேல் வேலை குறையும், வருமானமும் குறையும். டிசம்பரில் வந்த பணத்தைக் கோடை முடியும்வரை இழுத்துப்பிடித்தால் அந்த மாதங்கள் முழுக்க சொந்த நாவலுக்குக் கிடைக்கும். என் முதல் வரைவுகள் பெரும்பாலும் வெயில் காலத்தில் எழுதியவைதான்.

எழுத்துப் பிழை பார்ப்பதைத் தவிர எடிட்டர் வேறு என்ன செய்கிறார்? அதற்கு ஏன் தனிக் கட்டணம்?

எழுத்துப் பிழை பார்ப்பது மெய்ப்புத் திருத்தம். பக்கம் அமைத்த பிறகு நடக்கும் கடைசி வேலை அது. அதற்கு முன்னால் வாக்கியம் வாக்கியமாகச் செம்மை செய்வது ஒன்று. அதற்கும் முன்னால், கதை நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தமிழில் இந்த மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரே வாரத்தில், ஒரே சம்பளத்தில் கேட்கும் பழக்கம் இருக்கிறது. அது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கதை நிற்கிறதா என்பதில் நிறைய அடங்கும். காலப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1950இல் நடக்கும் கதையில் ஒருவர் கடைக்காரரிடம் 50 பைசா கொடுக்கிறார். தசம நாணயம் வந்ததே 1957 ஏப்ரலில்தான், ஆகவே அவர் கொடுக்க வேண்டியது எட்டணா. 1965இல் வந்த கடிதத்தின் உறையில் பின்கோடு இருக்கிறது. பின்கோடு 1972இல் வந்தது. தாத்தாவின் இளமைக் காலம் 1925 என்று எழுதிவிட்டு, அவர் மேட்டூர் அணையில் நின்று தண்ணீர் பார்ப்பதாக ஒரு காட்சி வருகிறது. அணை கட்டி முடித்தது 1934இல். டெல்டாவில் நடக்கும் கதையென்றால், மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பங்குனி வெயிலில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினால் தஞ்சாவூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதையெல்லாம் சரிபார்க்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் கட்டணம்.

மேடம், நான் புதிதாக ஃப்ரீலான்ஸ் எடிட்டிங் தொடங்கியிருக்கிறேன். பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

பக்கக் கணக்கை விடுங்கள். ஒருவர் ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அனுப்புவார், இன்னொருவர் பொடி எழுத்தில் நெருக்கி அனுப்புவார். இரண்டும் ஒரே பக்கம் ஆகாது. சொல் எண்ணிக்கையை வைத்துப் பேசுங்கள். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதைச் சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எழுதுவதால் தமிழில் அந்த எண்ணிக்கையும் கொஞ்சம் ஏறி இறங்கும். இருந்தாலும் பக்கத்தைவிட நியாயம்.

விலையை இப்படிக் கண்டுபிடிக்கலாம். பிரதியின் நடுவிலிருந்து 2,000 சொல் வாங்குங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அதை எழுத்தாளர் பலமுறை தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார். அந்த 2,000 சொல்லையும் திருத்தி, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பிரதிக்கு எத்தனை மணி நேரம் என்பது வந்துவிடும். நீங்கள் மாதம் வாழ எவ்வளவு வேண்டும், நாளுக்கு எத்தனை மணி நேரம் முழுக் கவனத்தோடு திருத்த முடியும் என்பதிலிருந்து ஒரு மணி நேர விலை கிடைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் கண் படிக்கும், மனம் படிக்காது.

பாதி முன்பணம், மீதி கடைசிக் கோப்பு கொடுப்பதற்கு முன். எத்தனை சுற்று பார்ப்பீர்கள் என்பதை மெயிலில் எழுதிவிடுங்கள். பதிப்பகம் என்றால் 10 விழுக்காட்டை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக் கொடுக்கலாம். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும், கூடுதலாக இருந்தால் திரும்ப வரும்.

வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணம். என்ர நாவலைச் சென்னையில ஒருத்தரிட்டத் திருத்தக் குடுத்தன். ‘கதைக்கிறார்’ எண்டு எழுதினதையெல்லாம் ‘பேசுகிறார்’ எண்டு மாத்திப்போட்டார். இப்பிடியே விடலாமோ?

விடவே கூடாது. அது திருத்தம் இல்லை, உங்கள் ஊரைக் கதையிலிருந்து வெளியேற்றுவது. ‘கெதியா’ (சீக்கிரம்), ‘பேந்து’ (பிறகு), ‘எண்டு’ எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ‘வைத்தியசாலை’யை ‘மருத்துவமனை’ ஆக்குவதற்கும், ‘ரொறன்ரோ’வை ‘டொரோண்டோ’ ஆக்குவதற்கும் எந்த அவசியமும் இல்லை. அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள், வாசிப்பவருக்கும் புரிகிறது.

திருத்தங்களைத் தடம் தெரியும்படி வேர்டில் செய்திருந்தால் ஒவ்வொன்றாக நிராகரிக்கலாம். தடம் இல்லாமல் செய்திருந்தால் உங்கள் பழைய கோப்பையும் புதியதையும் வேர்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து மீட்டுவிடுங்கள்.

இதில் எடிட்டருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘எண்டு’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘என்று’ என்றும் சொன்னால் அதைச் சுட்டிக்காட்டி, எது வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்பதோடு நிறுத்த வேண்டும். என்னிடம் வட்டார வழக்கில் எழுதிய பிரதி வந்தால், உரையாடல் வரும் ஒரு பக்கத்தை எழுத்தாளரையே வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்வேன். கொங்கு, நெல்லை, கரிசல், மட்டக்களப்பு, எதுவானாலும் அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் பிரதியில் கை வைப்பேன். தமிழில் எடிட்டிங் வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். அது எல்லாரையும் ஒரே மாதிரி எழுதவைக்கும் வேலையாக வளர்ந்தால் வளராமல் இருப்பதே மேல்.

என் கதையை எடிட்டர் திருடிவிட்டால்?

எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. மனத்துக்கு நிம்மதி வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். பிரதியை எப்போதும் மெயிலில் அனுப்புங்கள், தேதியோடு சான்று இருக்கும். இந்தப் பயத்தால் யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

பதிப்பகம் மூலம் போடுவதா, கிண்டிலில் நானே போடுவதா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நான் கிண்டில், அச்சு இரண்டிலும் நானே போடுகிறேன். கிண்டிலில் தமிழ் மின்னூலை நீங்களே ஏற்றலாம். இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளர் பங்கு) வேண்டுமென்றால், கிண்டிலில் நூல் ஏற்றும் கேடிபி தளத்தின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில்கூட. அச்சு நூலுக்கு இந்தத் தடை கிடையாது. கிண்டில் சந்தாவில் படிப்பவர்கள் புரட்டிய பக்கத்துக்கு ஏற்பவும் பணம் வரும். தொடர்கதை மாதிரி விறுவிறுவென்று போகும் நாவலுக்கு அது நல்ல வருமானம். மெதுவான நாவலுக்கு அச்சுதான் கைகொடுக்கிறது.

அச்சுக்கு இப்போது தேவைக்கேற்பக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடிக்கும் வசதி இருக்கிறது. பிரதிக்கு விலை கூடுதல்தான், ஆனால் கட்டிலுக்கடியில் புத்தகக் கட்டு சேராது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் அரசு இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் பற்றி அழுத்திச் சொல்கிறேன். தமிழில் வாய்வார்த்தையாகவே பல புத்தகங்கள் வருகின்றன. சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள்கொள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு வரவேண்டிய சொத்து அது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தமிழில் ராயல்டி விலையில் 10 விழுக்காடு என்பது வழக்கம். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணைக்கும் அது உண்டா என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த 300 பக்கம் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றினால் ஏகப்பட்ட பிழை. திரும்பத் தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா, அம்மா?

வேண்டாம் ஐயா. மாற்றியில் போட்ட பிறகு சில பிழைகள் திரும்பத் திரும்ப வரும், அவற்றை மட்டும் தேடினால் போதும். காலுக்குப் பதில் ‘ர’ உட்கார்ந்திருக்கும், ‘ர’ வேண்டிய இடத்தில் கால் இருக்கும். ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்திருக்கும். ‘எ’ எழுத்தும் 7ஐக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மட்டும் சொல் சிக்காது. இவற்றை மொத்தமாகத் தேடி மாற்றிவிட்டு, வாணி என்ற இணையப் பிழைதிருத்தியில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுங்கள். ஒற்றுப் பிழைக்கு நாவி என்ற கருவி இருக்கிறது. இரண்டும் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், இவ்வளவு காலம் பாடம் நடத்திய உங்கள் தீர்ப்புதான் கடைசி. இனிமேல் எழுதுவதை நேரடியாக யூனிகோடில் எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும்.

ஏஐ வந்துவிட்டதே, எடிட்டருக்கு இனி வேலை இருக்குமா?

எனக்கு வருகிறது. வட்டார வழக்கை அந்தக் கருவிகள் பாடப்புத்தகத் தமிழாக்கிவிடுகின்றன. பாத்திரம் கோபத்தில் பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்து வைக்கின்றன. நான் அவற்றை வைத்துப் பிறர் பிரதியைத் திருத்துவதில்லை. முக்கியமாக, எழுத்தாளர் அனுமதி இல்லாமல் அவருடைய வெளிவராத பிரதியை எந்தக் கருவியிலும் ஏற்றக் கூடாது. ஏஐ எழுதிய உரையோ படமோ புத்தகத்தில் இருந்தால் கேடிபியில் ஏற்றும்போது அதைச் சொல்லியாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அக்கா, வீட்டில் இருந்து வேலை பார்ப்பதால் யாரும் இதை வேலையாகவே நினைப்பதில்லை. கேஸ் சிலிண்டர் வாங்கிவைப்பதிலிருந்து விருந்தாளிக்குக் காபி போடுவது வரை நான்தான். எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்து மட்டும்தான் வருகிறது. அது எனக்குக் கோபத்தையும் வருத்தத்தையும் தருகிறது. நாள் முழுக்க வேலை என்று சொன்னால் வீட்டில் யார் மனத்திலும் பதியாது. பத்திலிருந்து ஒன்று வரை கதவு சாத்தியிருக்கும் என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் போனையும் அணைத்துவிடுங்கள். வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வீட்டுச் செலவில் ஒன்றை, கரண்ட் பில்லோ பள்ளிக் கட்டணமோ, அந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள். வீட்டார் பேச்சு மாறுவதைப் பல தோழிகள் வீட்டில் பார்த்திருக்கிறேன். காபியை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். எடிட்டர் ஆக எங்கிருந்து தொடங்குவது?

இலக்கணம் தெரிந்திருப்பது பெரிய பலம். அதோடு மூன்று பழக்கம் வேண்டும். அகராதி பார்க்கச் சோம்பல் படாதீர்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேசையில் இருக்கட்டும். பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஒரு தாள் வைத்து, பாத்திரங்களின் பெயர், வயது, ஊர், எழுத்தாளர் தேர்ந்த எழுத்துமுறை எல்லாவற்றையும் குறியுங்கள். 200ஆம் பக்கத்தில் சித்தியின் பெயர் மாறும்போது அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் கடினம். தோழி ஒருத்தியின் சிறுகதையைத் தடம் தெரியும்படி திருத்துங்கள். மறுநாள் திறந்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரியில் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘எனக்கு இப்படிப் பிடிக்கும்’ என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாதவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, மிஞ்சியதை மட்டும் அவளுக்கு அனுப்புங்கள்.