ஒட்டிய வடிவங்களுக்கு நடுவே மயிரிழைக் கோடு ஏன்?
இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஸ்நாப் செய்து (விளிம்புகளைத் தானாகப் பொருந்த வைத்து) ஒட்டிய இரு வடிவங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதா? ஜூம் செய்யுங்கள். கோடும் சேர்ந்து தடித்தால் நிஜமான இடைவெளி, முனைகளை நகர்த்தினால் போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெல்லிசு என்றால் அது ஆன்ட்டி-அலியாசிங்கின் வேலை, அதாவது விளிம்பை வழவழப்பாகக் காட்ட ஓரப் பிக்சல்களைப் பகுதியளவு மட்டும் நிரப்பும் முறை. விளிம்பு ஒரு பிக்சலைப் பாதியாக வெட்டும்போது முதல் வடிவம் 50% நிரப்பும். அடுத்தது மிச்சத்தில் பாதியைத்தான் மூடும். ஆக 75%. மீதி 25% வழியே பின்னணி கசிகிறது.

அடுக்கில் கீழே உள்ள வடிவத்தை மேலுள்ளதற்கு அடியில் 1 பிக்சல் நீட்டிவிடுங்கள். இதுதான் சுத்தமான வழி. துண்டுகள் நிறைய என்றால், ஒவ்வொன்றுக்கும் அதன் நிறத்திலேயே 1 பிக்சல் ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) கொடுங்கள். அதன் ஜாயினை (மூலை இணைப்பை) ரவுண்டாக வையுங்கள், இல்லாவிட்டால் கூர்முனைகளில் முள் முளைக்கும்.

ஒளி ஊடுருவும் நிறங்களில் மட்டும் மேற்படியும் இடம் அழுத்தமாகத் தெரியும். துண்டுகளை 100% ஒபாசிட்டியில் (ஒளி ஊடுருவாத அளவு) விட்டு, குரூப் செய்து, குரூப்புக்கு மட்டும் ஒபாசிட்டியைக் குறையுங்கள்.