ஒரே நாளில் யார்க்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

லண்டனில் ஒரு வாரம் தங்கப்போவதாகவும், அதில் ஒரு நாளை யார்க் நகருக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கொடுங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் காலையில் ஏறினால் விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். புறப்படும் நாளில் எடுத்தால் விலை கையைக் கடிக்கும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒன்பது இடங்களைக் குறித்துக்கொண்டு ஓடி ஓடிப் பார்த்தேன். மாலையில் ரயிலேறியபோது கால்வலிதான் மிஞ்சியது. இரண்டாம் முறை மூன்றே இடங்கள். அந்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கும் அந்த மூன்றைத்தான் சொல்வேன்.

நிலையத்திலிருந்து லெண்டல் பாலத்தில் ஊஸ் ஆற்றைக் கடந்து, பூத்தம் பார் என்ற கோட்டை வாசலுக்கு நடந்துபோங்கள். இந்த ஊரில் 'பார்' என்றால் வாசல், 'கேட்' என்றால் தெரு. ஸ்டோன்கேட், பீட்டர்கேட், மிக்கிள்கேட் எல்லாம் தெருக்களே. 866இல் வைக்கிங்குகள் நகரைக் கைப்பற்றியபோது தெருவுக்கான தங்கள் சொல்லை விட்டுச்சென்றார்கள். அவர்கள் ஆட்சி போய் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தச் சொல் போகவில்லை. பூத்தம் பாரில் மதில் மேல் ஏறி மங்க் பார் வரை நடங்கள். கட்டணம் கிடையாது. முழு மதிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்த ஒரு பகுதி போதும். வீட்டுத் தோட்டங்களுக்கு மேலே, வழி நெடுக மின்ஸ்டர் பேராலயம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து அந்த மின்ஸ்டர். நாளின் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்கள் கோபுரத்தின் 275 படிகளில் ஏறத் துடிக்கிறார்கள். நான் முதலில் கீழே இறங்கச் சொல்வேன். 1960களில் நடுக்கோபுரத்தின் அடித்தளம் அதன் பாரம் தாங்காமல் தளர்ந்துபோயிருந்தது தெரியவந்தது. விட்டால் சரிந்துவிடும் என்ற நிலை. 1967 முதல் ஐந்து ஆண்டுகள் தரையைத் தோண்டி, பழைய கல்லைச் சுற்றிக் கான்கிரீட் கட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இறுக்கினார்கள். அப்படித் தோண்டியபோதுதான் ரோமானியப் படைத்தலைமையகத்தின் சுவர்கள் வெளிப்பட்டன. கி.பி. 71இல் எபோராக்கம் என்ற பெயரில் ரோமானியர் அமைத்த கோட்டையின் நடுப்பகுதி அது. 306இல் தந்தை இந்த ஊரிலேயே இறந்ததும், கான்ஸ்டன்டைனைப் பேரரசராகப் படைவீரர்கள் அறிவித்ததும் இங்கேதான். நிலவறைக் காட்சியகத்தில் அந்தக் கான்கிரீட்டையும் கம்பிகளையும் ரோமானியச் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு கட்டடத்தைக் காப்பாற்றப் போனவர்கள் இன்னொன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் அரை மணி நேரம் நின்றேன்.

மேலே வந்து கிழக்குப் பெருஞ்சாளரத்தின் முன் உட்காருங்கள். ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405 முதல் 1408 வரை செய்தது. உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி உலக முடிவு வரை முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடிப் பலகங்களில் சொல்கிறது. 1644 உள்நாட்டுப் போரில் நகரம் வீழ்ந்தபோது, வென்ற படையின் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்ஷயர்க்காரர். ஆலயத்தின் கண்ணாடிகளில் கைவைக்கவிடாமல் தடுத்தார். தெற்குப் பக்கத்து ரோஜாச் சாளரத்தையும் நிமிர்ந்து பாருங்கள். 1984 ஜூலை தீ விபத்தில் அந்தப் பகுதியின் கூரையே எரிந்து விழுந்தது. கண்ணாடி ஆயிரக்கணக்கான விரிசல் விட்டும் உதிராமல் சட்டத்திலேயே நின்றது.

ஷாம்பிள்ஸ் தெருவை எல்லோரும் சொல்வார்கள். பழைய கசாப்புக்காரர் தெரு. மேல்மாடிகள் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அழகுதான், ஆனால் நண்பகலில் நிற்க இடமிருக்காது. போகிற வழியில் கடந்துபோனால் போதும். பிள்ளைகள் உடன் வந்தால் மட்டும் ரயில் அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகம் தொட்ட மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கே இருக்கிறது. நுழைவு இலவசம்.

கடைசியாக, மூன்று மணிக்கெல்லாம் கிளிஃபோர்ட்ஸ் டவருக்குப் போய்விடுங்கள். புல் மேட்டின் மேல் நான்கு இதழ்ப் பூவின் வடிவில் ஒரு கல்கோட்டை, பார்த்தால் சிறியது. அங்கே முன்பு மரக்கோட்டை இருந்தது. 1190 மார்ச் 16 அன்று நகரத்து யூதர்கள் ஏறத்தாழ 150 பேர், வெறிகொண்ட கூட்டத்துக்கு அஞ்சி அரசரின் பாதுகாப்பை நம்பி அதற்குள் புகுந்திருந்தார்கள். கூட்டத்தைத் தூண்டியவர்களில் யூதர்களிடம் கடன்பட்ட பிரபுக்கள் இருந்தார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பலர் தங்கள் குடும்பத்தாரைத் தாங்களே கொன்று உயிர்விட்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களைக் கூட்டம் வெட்டிக் கொன்றது. பிறகு கூட்டம் நேரே மின்ஸ்டருக்குப் போய், அங்கே பாதுகாப்பில் வைத்திருந்த கடன் பத்திரங்களை எரித்தது. காலையில் வியந்து நின்ற ஆலயத்துக்கும் இந்த மேட்டுக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பது இரண்டாம் முறை போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது. முதல் முறை, பட்டியலில் ஒன்பதாவதாக, இங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தேன்.

கோபுர உச்சியில் நின்றால் கூரைகளுக்கு அப்பால் மின்ஸ்டர் தெரியும். ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. மேட்டின் அடியில் இறந்தவர்களுக்கான நினைவுக்கல் இருக்கிறது. அதைப் படிக்க டிக்கெட் தேவையில்லை. மேலே ஏறுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.