சென்னைக் கால்பந்து லீக்கில் வங்கி, ரயில்வே பெயர்களில் கிளப்புகள் இருப்பது ஏன்?

அமெச்சூர் கிளப் என்றால், ஆடுவதற்கென்று சம்பளம் தராத கிளப். அப்படியானால் வீரர் எதை வைத்துச் சாப்பிடுவார்? இந்தக் கேள்விக்குச் சென்னை கண்ட பதில்தான் அந்தப் பெயர்கள். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே, வருமான வரி, சுங்கத்துறை என்று அலுவலகங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தன. பகலில் ஆபீஸ் வேலை, மாலையில் சபாவில் கச்சேரி என்று வாழும் பாடகர் மாதிரிதான் இவர்களும். கால் உடைந்தாலும் மாதச் சம்பளம் வரும். கால்பந்தே மூச்சான வடசென்னை வியாசர்பாடிப் பையன்களுக்கு இது சின்ன விஷயமா என்ன!

பேட்டைப் பையன்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புகளும் உண்டு. எல்லாவற்றையும் சென்னைக் கால்பந்து சங்கம் டிவிஷன்களாகப் பிரித்து லீக் நடத்துகிறது. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே.

அப்புறம் அரசு அலுவலகங்களில் ஆள் எடுப்பது குறைந்தது, அணிகளின் பலமும் சரிந்தது. 2014-இல் ஐ.எஸ்.எல். என்ற தொழில்முறை லீக்கில் ஆட ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற கிளப் வந்தபோது கூட்டம் டிவி பக்கம் போய்விட்டது. என்னைக் கேட்டால், முதல் காரணம்தான் பெரிய அடி.

அமெச்சூர் என்றால் சுமாராக ஆடுபவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; இந்தியன் வங்கி அணி, அந்தக் காலத்தில் நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த தேசிய கால்பந்து லீக்கிலேயே ஆடியிருக்கிறது.