குடிலில் தக்காளி ஆளுயரம் வளர்ந்தும் பூ உதிர்வது ஏன்?

ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளிப் பக்கம் பாலித்தீன் குடில் போட்டிருக்கிறேன், தக்காளி ஆளுயரம் வந்துவிட்டது, பூ மட்டும் நிற்கவில்லை, இன்னும் உரம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். தழைச்சத்தைக் கூட்டினால் இலைதான் இன்னும் மதர்க்கும். அந்த உயரமே பாதி சூட்டினால் வந்தது. குடிலின் மேல் விரிப்பில் தூசியும் உப்பும் படிந்து வெளிச்சம் குறைந்திருந்தால் தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி இன்னும் நீளும், அதனால் அதைக் கழுவிவிடுங்கள்.

பூ உதிர்வதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இரவுச் சூட்டைத்தான். எல்லாரும் பகல் வெயிலைப் பார்க்கிறார்கள், ஆனால் தக்காளி காய் பிடிக்க இரவில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது, தொடர்ந்து 24ஐத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு கழன்றுவிடும். நம் கரையில் கடல் இரவைக் குளிரவிடாது, சித்திரை வைகாசியில் 25க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். போதாததற்குக் கடற்காற்றின் ஈரமும் செடி விடும் ஈரமும் உள்ளே தேங்கினால் மகரந்தம் கட்டிக்கொண்டு கொட்டாது. வெளியே என்றால் காற்றே பூவை ஆட்டிவிடும், குடிலுக்குள் அது கிடையாது. காலை வெயில் ஏறியதும் பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டு, செடி கட்டிய கயிறுகளை லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள்.

அப்புறம் உப்பு. இதைத்தான் நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. திறந்த வயலில் ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணைக் கழுவிவிடும், குடிலில் மழையே விழாது, சொட்டுநீரில் வரும் உப்பெல்லாம் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். மண் உப்பின் அளவு, அதாவது மண் பரிசோதனையில் இ.சி. என்று போடும் மின்கடத்துத்திறன், 2.5க்கு மேல் (dS/m அலகில்) போனால் தக்காளி மகசூல் குறையத் தொடங்கும், குடைமிளகாய்க்கு 1.5 தாண்டினாலே சிரமம். உப்பு வேரின் நீர் உறிஞ்சலைத் தடுக்கும், ஈரக்காற்று இலையின் நீராவிப்போக்கைத் தடுக்கும், சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் ஏறும் என்பதால் காய் வந்தாலும் அடிப்பக்கம் கறுத்துப்போகும்.

சரி, என்ன செய்யலாம்? ஐப்பசியில் மேல் விரிப்பைக் கழற்றி மண்ணை மழையில் நனையவிடுங்கள், புயல் காற்றில் அது கிழியாமலும் தப்பிக்கும். கார்த்திகைக் கடைசியில் நாற்று நட்டால் பூக்கும் நேரம் தை மாதம், நமக்கு இரவு கொஞ்சமாவது குளிர்வது அப்போதுதான். கோடையில் பயிர் வேண்டுமென்றால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகத்தை 35 சதவீத நிழல்வலையில் வையுங்கள். அதுவும் உப்பைத் தாங்காது, ஆகவே விரிப்பு மேலே இருக்கும் நாளில் பெய்யும் மழையைக் குழாய் வைத்துத் தொட்டியில் பிடியுங்கள். 1000 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தாலே கிட்டத்தட்ட 10,000 லிட்டர். அதைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடலாம்.