மாமியாரோடு பட்டினி இருந்தீர்கள், உங்கள் கையை நீட்டினீர்களா?

கேள்வி: எனக்கு 46 வயது. குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் விட்டு விட்டு வருகிறது. வயிற்று உப்புசம், அசதி வேறு. ஈஸ்ட் தொற்று என்று டாக்டர் உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்தார். சரியாகும், மறுபடி வரும். இப்படி ஐந்து தடவை ஆகிவிட்டது. கூட வேலை பார்க்கும் சீனத் தோழிக்கு இதே தொந்தரவு ஒரு சின்சே (சீன வைத்தியர்) கொடுத்த 'லொங் தான் சியே கான்' மாத்திரையில் நின்றதாம். நானும் அதையே வாங்கி 5 மாதமாகச் சாப்பிடுகிறேன். குசென் என்ற சீன மூலிகை வேரைக் காய்ச்சிக் கழுவுகிறேன். இட்லி, தயிர், ரொட்டி எல்லாம் விட்டாயிற்று. கணவரிடம் சளி மருந்து என்று சொல்லியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாமியாரைச் சர்க்கரை டெஸ்டுக்கு பாலிகிளினிக் கூட்டிப்போவேன் (அவர் வெறும் வயிற்றோடு வருவதால் நானும் எதுவும் சாப்பிடாமல்தான் போவேன்). மருந்துக்கடை எதிர் புளோக்கில் என்பதால் அப்படியே வாங்கி வந்துவிடுவேன். ஈஸ்ட் குடல் முழுக்கப் பரவியிருக்கும் என்கிறாள் தோழி. சீன வைத்தியத்தை நம்பலாமா? இன்னும் எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்?
— பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதிய வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். டெஸ்டுக்கு எப்படி வரச் சொல்வார்களோ, அப்படியே வந்திருக்கிறீர்கள். ஒன்றரை வருடமாக ஈஸ்ட் தொற்று வந்து வந்து போகிறது, வயது 46, கூடவே அசதி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது உங்கள் கையை அங்கே நீட்டியதுண்டா? அவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் அந்தரங்க உறுப்பின் திசுக்களிலும் அது சேரும். காண்டிடா என்ற ஈஸ்டுக்கு அதுதான் தீனி. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களும் சோர்ந்துபோகும். விட்டு விட்டு வரும் இந்தத் தொற்றே சில பெண்களுக்குச் சர்க்கரை நோயின் முதல் அடையாளமாக இருக்கும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர் என்றால் இந்த டெஸ்ட் இன்னும் கட்டாயம். வெறும் வயிற்றில் 7.0 (mmol/L), அதாவது ஊர்க் கணக்கில் 126 (mg/dL), அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய் என்றுதான் டாக்டர் யோசிப்பார். அப்படி இருந்தால், அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த மாத்திரை வைத்தாலும் எந்த வேரைக் காய்ச்சினாலும் இது திரும்பத் திரும்ப வரும்.

சரி, சீன வைத்தியத்துக்கு வருகிறேன். அதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் இன்னும் சீன வைத்தியமே செய்துகொள்ளவில்லை. தோழியின் மருந்தைச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். நாக்கைப் பார்த்து, இரண்டு கையிலும் நாடி பிடித்து, கேள்வி கேட்டு, ஆளுக்கு ஏற்றபடி மருந்து கொடுப்பதுதான் அவர்கள் முறை. 17ஆம் நூற்றாண்டில் ஃபூ சிங்சூ என்ற வைத்தியர் பெண்கள் நோய் பற்றி எழுதிய நூல் வெள்ளைப்படுதலில்தான் தொடங்குகிறது. வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து சொன்னார். மஞ்சளாக, எரிச்சலும் நாற்றமுமாக இருந்தால் 'ஈரமும் சூடும் கீழே இறங்கிவிட்டது' என்பார்கள். லொங் தான் சியே கான் அந்த வகைக்கு, அதுவும் கொஞ்ச நாளுக்கு. கடும் கசப்பு, கடும் குளிர்ச்சி. வெள்ளையாகப் போய், அசதியும் உப்புசமும் இருந்தால் மண்ணீரல் பலவீனம் என்று வேறு வழியில் போவார்கள். வெண்கிழங்கும் பைச்சு என்ற மூலிகை வேரும் சேர்ந்த மருந்து அது. நீங்கள் எழுதியிருக்கும் அசதியையும் உப்புசத்தையும் கேட்டால், அவர்கள் கணக்குப்படியே நீங்கள் இரண்டாவது வகையாக இருக்கலாம். நல்ல சின்சே யாரும் உங்களைப் பார்க்காமல் அந்தக் கசப்பு மாத்திரையை 5 மாதம் விழுங்கச் சொல்லமாட்டார்.

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட வரலாறும் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். இதில் சேரும் மூதோங் கொடிக்குப் பதிலாகச் சீனாவில் குவான் மூதோங் என்ற வேறொரு கொடியைப் போட்டுவந்தார்கள். அது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும். பலருக்குச் சிறுநீரகம் போன பிறகு, 2003இல் சீன அரசு அந்தக் கொடியைத் தடை செய்தது. சிங்கப்பூரிலும் அந்த அமிலம் உள்ள மருந்துக்கு அனுமதி கிடையாது. முறையான கடையில் வாங்கியிருந்தால் பயந்து சாகத் தேவையில்லை. ஆனால் 5 மாதம் சாப்பிட்டிருக்கிறீர்கள். ரத்தம் கொடுக்கும்போது சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்துங்கள்.

குசென் வேர், ஹுவாங் லியன் போன்ற சீன மூலிகைகள் சோதனைக் குழாயில் ஈஸ்டை அடக்குவது உண்மைதான். பெண்களிடம் செய்து பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, நம்பி முடிவெடுக்கப் போதாதவை. வெளியே கழுவுவதோடு இருங்கள், எரிந்தால் அதையும் விடுங்கள். உள்ளே விட்டுக் கழுவுவது எந்த மூலிகையானாலும் கூடாது. அங்கே காவல் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள்.

குடல் முழுக்க ஈஸ்ட் என்ற பேச்சு பழைய சீன நூல்களில் வந்ததல்ல. 1980களில் அமெரிக்காவில் கிளம்பியது. உடம்பில் எந்தத் தொந்தரவு என்றாலும் ஈஸ்ட்தான் காரணம் என்றார்கள். 1990இல், தொற்று திரும்பத் திரும்ப வந்த 42 பெண்களுக்கு ஈஸ்ட் மருந்தையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அரிப்பு, வெள்ளைப்படுதலுக்கு மருந்து கேட்டது. அசதி மாதிரியான மற்றத் தொந்தரவுகளில் வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் அதிகம் செய்யவில்லை. ஆரோக்கியமான எத்தனையோ பேர் குடலில் காண்டிடா சும்மா குடியிருக்கிறது. இட்லியும் தயிரும் சாப்பிடுங்கள்.

சர்க்கரை சரியாக இருந்தால்? அப்போது பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரிப்பெல்லாம் ஈஸ்ட் இல்லை, பாக்டீரியாவாகவும் இருக்கும். ஈஸ்டிலேயே வழக்கமான மருந்துக்கு மசியாத கிளாப்ராட்டா என்று ஒரு வகையும் உண்டு. வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. முதலில் நன்றாக அடக்கிவிட்டு, வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் மாத்திரை என்று 6 மாதம் கொடுப்பார்கள். ஐந்து தடவையும் ஒரே டாக்டரிடம் போனீர்களா, பக்கத்தில் திறந்திருந்த கிளினிக்குகளுக்கு மாறி மாறிப் போனீர்களா? இரண்டாவது என்றால், இது ஐந்தாவது தடவை என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகும் சின்சேயைப் பார்க்க ஆசையிருந்தால் தாராளமாகப் பாருங்கள். அரசாங்கப் பதிவு உள்ளவரா என்று பார்த்து, நேரில் போங்கள். டாக்டர் தரும் மருந்தை அவரிடமும், அவர் தருவதை டாக்டரிடமும் சொல்லுங்கள். ஃப்ளூகோனசோல் பல மருந்துகளோடு மோதும்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகள் வேலையில்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வயதானவர் பசியோடு இருக்கிறாரே என்று நீங்களும் சாப்பிடாமல் போகிறீர்கள் பாருங்கள், அந்த மனசு எல்லாருக்கும் வராது. ஆனால் தன்னைப் பெற்றவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை முதலில் உங்கள் கணவருக்குத்தான். வருடத்தில் நாலு காலை லீவு போட அவரால் முடியாதா? முடியாது என்று அவர் சொன்னாரா, நீங்கள் கேட்கவே இல்லையா? பக்கத்தில் படுக்கும் மனுஷனிடம் சளி மருந்து என்று சொல்லி ஒரு வேரைக் காய்ச்சுகிறீர்கள். இது ஒழுக்கக்கேட்டு நோய் இல்லை. முக்கால்வாசிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற சாதாரணத் தொற்று. அவரிடம் மறைப்பது பொறுமையும் இல்லை, பண்பும் இல்லை. கட்டிக்கொண்டவருக்கு உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு, அதைச் செய்ய விடாமல் நீங்களே தடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

மாமியாரின் அடுத்த டெஸ்ட் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் பெயரில் ஒரு நாள் வாங்குங்கள். மாத்திரை டப்பாவையும் குசென் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள். முந்தின ராத்திரியே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்களோடு வரச் சொல்லுங்கள். மாமியாரை அடுத்த முறை அவர் கூட்டிப்போகட்டும்.