கல்லாகும் மனமும் கலங்கும் மனமும்

கேள்வி: நோயாளியின் துன்பத்தைக் கண்டு உருகுகிறவர் நல்ல மருத்துவராக முடியாது. மருத்துவ மாணவர்கள் படிக்கும்போதே மனத்தைக் கல்லாக்கிக்கொள்வதுதான் மன அழுத்தத்துக்குச் சரியான மருந்து என்கிறேன். ஏற்பீர்களா?

பதில்: ஏற்க மாட்டேன். கலங்குவதையும் புரிந்துகொள்வதையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். பிறர் வலியைக் கண்டு தானும் நிலைகுலைவது ஒன்று. அந்த வலி அவருக்கு எப்படி இருக்கிறது என்பதை அவர் இடத்தில் நின்று அறிந்து, அறிந்ததை அவருக்கும் உணர்த்துவது வேறொன்று. முன்னது மாணவரைச் சோர்வில் தள்ளும் என்பது மெய்தான். மருத்துவக் கல்வியாளர்கள் ஒத்துணர்வு என்று சொல்வது பின்னதைத்தான்.

நீங்கள் கேட்கும் கல்லை யாரும் செதுக்கித் தரவும் வேண்டியதில்லை. பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 456 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகள் பெரிதும் மாறாதிருந்த ஒத்துணர்வு மூன்றாம் ஆண்டில், அதாவது புத்தகத்தை விட்டு வார்டுக்குள் நுழைந்து நோயாளிகளோடு பழகத் தொடங்கும் ஆண்டில், சரிந்தது. (இருபது வினாக்களுக்கு மாணவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த விடைகளைக் கொண்ட அளவீடு அது, நோயாளியைக் கேட்டிருந்தால் கணக்கு மாறியிருக்கலாம்.)

கல் மருந்தென்றால், இறுகியவர்கள் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'ஏழாம் படுக்கை கேஸ்' என்று குறிப்பிடும் அந்த விலகலைத் வேலை அழுத்தத்தால் வரும் 'பர்ன்அவுட்' என்ற தொழில்சார் சோர்வின் மூன்று கூறுகளில் ஒன்றாகவே உளவியலாளர்கள் எண்ணுகிறார்கள். நீங்கள் நோயின் அறிகுறியை எடுத்து மருந்துச் சீட்டில் எழுதுகிறீர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகவும், அவர்களில் 15.7 விழுக்காட்டினரே சிகிச்சையை நாடியதாகவும் சொல்கிறது. உதவி கேட்டால் பலவீனன் என்ற பெயர் வந்துவிடும் என அஞ்சுகிறவரிடம் போய் இன்னும் இறுகச் சொல்வது எவ்வகை வைத்தியம்?

அழுத்தத்தின் காரணத்தை மாற்றுவது, மாற்ற முடியாதபோது எழும் உணர்ச்சியைக் கையாள்வது என்ற இரு வழிகளை உளவியலாளர்கள் லாசரஸும் போக்மனும் 1984இலேயே வகுத்தார்கள். உறக்கமில்லாத இரவுப் பணியும், ரவுண்ட்ஸில் நோயாளியின் முன்னிலையிலேயே மாணவரை அவமதிப்பதும் முதல் வழியில் தீர வேண்டியவை. அவை கல்லூரியின் பொறுப்பு. ஒரு மரணத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வரும் மாணவருக்குத் தேவை இரண்டாவது வழி. அன்று மாலையே மூத்த மருத்துவர் ஒருவர் அவருடன் உட்கார்ந்து பேச அரைமணி நேரம் போதும். உடற்கூறியலுக்கு அத்தனை மணி நேரம் ஒதுக்கும் பாடத்திட்டம் அந்த அரைமணியை ஏன் ஒதுக்கவில்லை என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.