சீட்டு மேசை: உங்கள் கேள்விகள்

அண்ணா, நான்கு வருடம் ஆன்லைனில் போக்கர் ஆடியவன் நான். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டத்தோடு அது நின்றுபோனது. போன மாதம் முதல் தடவையாகக் கோவா போய் நேரடிப் போட்டியில் உட்கார்ந்தேன். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் போடுவது) 200/400, ஆன்டி (மேசைக்கு மொத்தமாக ஒருவர் போடும் கூடுதல் தொகை) 400. என்னிடம் 22,000 சிப் இருந்தது. ஏஸ் ஜோடி வந்ததும் தொகையை உயர்த்தி 1,000-க்கு ரெய்ஸ் செய்தேன். பெரிய பிளைண்ட் போட்டவரையும் சேர்த்து ஐந்து பேர் கால், அதே தொகையைக் கட்டி உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) 9, 8, 6. நான் 3,000 போட்டேன், பெரிய பிளைண்ட் ஆல்-இன் (கையிலிருக்கும் சிப் மொத்தமும்) என்றார். கட்டினேன். அவரிடம் 9-6, இரண்டு ஜோடி. அதோடு என் போட்டி முடிந்தது. எதற்கெடுத்தாலும் கால் செய்கிறவர்களிடம் பெரிய ஜோடியை எப்படித்தான் ஆடுவது?
- வாசகர், திருப்பூர்

தம்பி, ஃப்ளாப்பில் நடந்ததை விடுங்கள். கை கெட்டது அந்த 1,000-த்தில்தான்.

பெரிய பிளைண்டில் இருந்தவர் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். அவர் முறை வரும்போது நடுவில் 6,000 சேர்ந்துவிட்டது. அவர் போட வேண்டியது இன்னும் 600. பத்துக்கு ஒன்று! அந்த விலைக்கு 9-6 வந்தால் நானும் கட்டுவேன். அவரை மோசமான ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பீர்கள். ஆனால் அந்த விலையை வைத்தது நீங்கள்.

ஆன்லைனில் பிளைண்டைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு போட்டாலே பாதிப் பேர் சீட்டை மடக்கி விலகிவிடுவார்கள். உங்கள் கை அந்தக் கணக்கிலேயே பழகிவிட்டது. கோவாவின் மாண்டவி ஆற்றுக் கேசினோ கப்பல்களில் உட்காருகிறவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். மடக்கி மடக்கி வைப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவர்கள் நினைப்பு. தொகையைப் பார்க்க மாட்டார்கள், தங்கள் இரண்டு சீட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். 1,000-க்குக் கால் செய்கிற கையோடு 2,000-க்கும் வருவார்கள். அப்படியிருக்க, ஏன் குறைவாகக் கேட்க வேண்டும்?

ஏஸ் ஜோடி எதிரில் ஒருவர் இருந்தால், அவர் கையில் எது இருந்தாலும், நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். இரண்டு பேர் என்றால் 73, மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் 49. அந்த 49-கூட நீண்ட ஓட்டத்தில் லாபம்தான், ஆறில் ஒரு பங்கு பணம் போட்டுப் பாதி தடவை ஜெயிக்கிறீர்களே. சிப் தீர்ந்தால் மறுபடி வாங்கி ஆடுகிற காசு மேசையில் அதை நான் சந்தோஷமாக ஏற்பேன். போட்டியில் சிப் தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை. நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கைதான் நடக்கும். அப்படியானால் எட்டு மணி நேரம் காத்திருந்து வாங்கிய சீட்டு அது.

உங்கள் இடத்தில் நான் 2,400 போட்டிருப்பேன், பிளைண்டைப் போல ஆறு மடங்கு. எனக்கு முன்னால் யாராவது வெறும் 400 போட்டு நுழைந்திருந்தால் தலைக்கு இன்னொரு 400. சரி, அதற்கும் இரண்டு பேர் வந்தார்கள் என்று வையுங்கள். நடுவில் 8,200, உங்களிடம் 19,600 மீதி. ஃப்ளாப்பில் 5,000, ஒருவர் கட்டினால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) மிச்சம் எல்லாம். மறைத்து ஆட வேண்டியதில்லை. கால் செய்தே தீருவேன் என்கிறவரிடம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்பதுதான் ஆட்டம். அவரிடம் புளுஃப் (வெற்றுக் கையோடு மிரட்டுவது) மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. நிறைய கைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி இல்லை. ஓயாமல் ரெய்ஸ் செய்கிறவர் ஒரு வகை. அவர் திருப்பி அடித்தால் பயப்படாதீர்கள், ஏஸ் ஜோடியையோ ராஜா ஜோடியையோ பிடித்துக்கொண்டு கட்டிக்கொண்டே போங்கள். சும்மா கால் மட்டும் செய்கிறவர் வேறு வகை.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு நேர் எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் எப்போதும் தேநீர்க் கோப்பை. வலது கையால் சிப்பைத் தள்ளிவிட்டு ஒரு வாய் குடிப்பார். பத்துக் கைக்கு ஏழு கை வருவார், இரண்டரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட ரெய்ஸ் செய்யவில்லை. எனக்கு ராஜா ஜோடி வந்தது, அவர் மட்டும் கால். ஃப்ளாப் 10, 7, 3. போட்டேன், கட்டினார். டர்னில் இன்னொரு 7. மறுபடி போட்டேன். அவர் கோப்பையை மேசையோரத்தில் வைத்தார். இரண்டு கையாலும் சிப்பை எண்ணி, நான் போட்டதைப் போல மூன்று மடங்கு நகர்த்தினார். நான் ராஜாக்களை மடக்கிப் போட்டேன். 7-5-ஐத் திருப்பிக் காட்டிவிட்டு, கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அந்த மாதிரி மனிதர் ரெய்ஸ் செய்தால் அது செய்தி, தம்பி. உங்கள் 9-6 ஆள் அதுவரை எப்படி ஆடினார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை முதல் ஒரு மணி நேரம் சீட்டை மடக்கிவிட்டாலும் கண்ணை மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.

சார், ராணி ஜோடியோடு உட்கார்ந்தாலே ஃப்ளாப்பில் ஏஸோ ராஜாவோ வந்து நிற்கிறது. எனக்கு மட்டும்தானா?
- வாசகி, பெங்களூரு

எல்லோருக்கும்தான் அம்மா. ராணி ஜோடி வைத்திருக்கும்போது நூற்றுக்கு 41 ஃப்ளாப்பில் ஏஸோ ராஜாவோ இருக்கும். ஜாக் ஜோடிக்கு அதைவிடப் பெரிய சீட்டு 57 தடவை வரும். அதற்காகச் சின்ன ரெய்ஸ் போட்டு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று உள்ளே போகாதீர்கள், நான்கு பேர் வந்துவிட்டால் அந்த ஏஸ் யாரிடமாவது இருக்கும். ஒரே ஒருவர் என்றால் ஃப்ளாப்பில் ஒரு தடவை, நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போட்டுக் கேளுங்கள். அவர் கட்டினால் அப்புறம் ஒன்றும் போடாமல் கடைசிச் சீட்டு வரை போக முடிந்தால் போங்கள். இப்படிப்பட்டவர்கள் சின்ன ஏஸைக்கூட விடவே மாட்டார்கள்.

ஏஸ் ஜோடியை ஒளித்து, பிளைண்ட் மட்டும் போட்டு நுழையலாமா?
- வாசகர், சேலம்

உங்களுக்குப் பின்னால், எதைக் கண்டாலும் ரெய்ஸ் செய்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் செய்யலாம். அவர் அடித்ததும் மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிடுங்கள். அப்படி ஒருவர் இல்லாத மேசையில் நீங்கள் 400 போட்டால் ஆறு பேர் 400 போடுவார்கள், பெரிய பிளைண்ட் தன் 9-6-ஐக் காசே கொடுக்காமல் பார்ப்பார்.